சூப்பர்நோவா எச்சங்களும் அவற்றின் மூல விண்மீன்களும்: காரைக்குடி மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பழைய வீடு ஒன்றின் மொட்டை மாடியில், மார்கழி தொடங்கிப் பங்குனி வரை, வானம் தெளிந்திருக்கும் சனிக்கிழமை இரவுகளில் தொலைநோக்கி ஒன்றை வைத்து அக்கம்பக்கத்தாருக்கு வானம் காட்டி வருகிறோம். பள்ளிப் பிள்ளைகளும், அவர்களை அழைத்து வரும் ஆச்சிமாரும், கல்யாணத்துக்காக வெளியூரிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கிப் போகிறவர்களும் வருவார்கள். நண்டு நெபுலாவைக் காட்டி, இது வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் மிச்சம் என்று சொன்னவுடன், அதில் என்ன இருக்கிறது, வெடிப்பதற்கு முன் அந்த விண்மீன் எப்படி இருந்தது என்ற இரண்டு கேள்விகளும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. இருட்டில் நின்றுகொண்டு அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

சூப்பர்நோவா எச்சம் என்பது என்ன?

விண்மீன் ஒன்று வெடிக்கும்போது அதன் பொருள் நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வீசப்படுகிறது. அந்தப் பொருளும், அது போகிற வழியில் வாரிச் சேர்த்துக்கொள்ளும் விண்வெளி வாயுவும் தூசியும் சேர்ந்து, சூடேறி ஒளிரும் மேகமே எச்சம். வெடிப்பின் வெளிச்சம் சில மாதங்களில் மங்கிவிடும். எச்சமோ பல்லாயிரம் ஆண்டுகளுக்கு இருக்கும்.

வெடிப்பதற்கு முன் அந்த விண்மீனில் என்னென்ன இருந்தன?

பிறக்கும்போது எல்லா விண்மீன்களும் ஏறத்தாழ ஒரே சரக்கோடுதான் பிறக்கின்றன. நமது சூரியனை எடுத்துக்கொண்டால், நிறையில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக ஹைட்ரஜன், கால் பங்கு அளவுக்கு ஹீலியம், மற்ற எல்லாத் தனிமங்களும் சேர்ந்து இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. வேறுபாடு அந்தக் கடைசி இரண்டு விழுக்காட்டில்தான் இருக்கிறது.

சூரியனைப் போல 15 முதல் 25 மடங்கு நிறை கொண்ட விண்மீன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை, அதாவது ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளை, ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றுவதிலேயே கழிக்கிறது. பிறகு ஹீலியம் கார்பனாகவும் ஆக்சிஜனாகவும் மாறுகிறது. கார்பனிலிருந்து நியானும் மெக்னீசியமும் வருகின்றன. ஆக்சிஜன் எரிந்து சிலிக்கானும் கந்தகமும் ஆர்கானும் கால்சியமும் ஆகின்றன. கடைசியில் சிலிக்கான் எரிந்து இரும்பு வகைத் தனிமங்கள் உருவாகின்றன. ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தைவிடக் குறுகியது: கார்பன் எரிய நூற்றுக்கணக்கான ஆண்டுகள், ஆக்சிஜன் எரியச் சில மாதங்கள், சிலிக்கான் எரியச் சில நாட்கள். கோடி ஆண்டு வாழ்ந்த குடும்பத்தின் கணக்கு ஒரு வாரத்தில் முடிந்துபோகிறது. வெடிக்கும் நேரத்தில் அந்த விண்மீன் நடுவில் இரும்பும், அதைச் சுற்றிச் சிலிக்கானும், பிறகு ஆக்சிஜனும், கார்பனும், ஹீலியமும், எல்லாவற்றுக்கும் வெளியே ஹைட்ரஜனுமாகப் படலம் படலமாக இருக்கும்.

ஆயிரக்கணக்கான ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதில் இரும்பு இருக்கிறது, கந்தகம் இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் நகைக்கடையிலேயே இருக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் வீட்டுப் பழைய காசுமாலை ஒன்றை மதிப்புப் பார்க்கக் கொண்டுபோனோம். முன்பெல்லாம் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார்கள். இப்போது காரட் மீட்டர் என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். காசு ஒன்றை அதன் சிறிய மேடையில் வைத்து மூடியைச் சாத்தினார்கள். அரை நிமிடத்தில் திரையில் தங்கம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று விழுக்காட்டோடு வந்துவிட்டது. காசைச் சுரண்டவும் இல்லை, உருக்கவும் இல்லை.

அந்தப் பெட்டி செய்வது இதுதான். அது எக்ஸ் கதிரை நகையின்மீது செலுத்துகிறது. அக்கதிர் அணுவின் உள்ளடுக்கில் இருக்கும் எலக்ட்ரானைத் தட்டி வெளியே எறிகிறது. காலியான இடத்துக்கு வெளியடுக்கு எலக்ட்ரான் இறங்கி வரும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர் வெளிப்படுகிறது. வெள்ளிக்கு ஓர் ஆற்றல், செம்புக்கு வேறோர் ஆற்றல். ஒன்றின் கையெழுத்தை மற்றொன்று போட முடியாது. சூப்பர்நோவா எச்சத்தில் பல இலட்சம் முதல் பல கோடி பாகை வரை சூடேறிய வாயு இருப்பதால், அங்கே ஓடித்திரியும் எலக்ட்ரான்களே அணுக்களில் மோதி அவற்றை ஒளிரச் செய்கின்றன. வெளியிலிருந்து யாரும் கதிர் பாய்ச்ச வேண்டியதில்லை. இந்தக் கையெழுத்தைத்தான், கதிரை ஆற்றல்வாரியாகப் பிரித்த நிறமாலையில், கோடு என்கிறோம். அப்படிப்பட்ட வாயுவில் சிலிக்கானின் கோடு ஏறத்தாழ 1.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) இருக்கும் இடத்திலும், கந்தகத்தினுடையது 2.5 அருகிலும், ஆர்கான் 3.1 அருகிலும், கால்சியம் 3.9 அருகிலும், இரும்பு 6.4 முதல் 6.7 வரையிலும் தெரியும். பூமியின் காற்றுமண்டலம் எக்ஸ் கதிர்களை விழுங்கிவிடுவதால், இந்த அளவீட்டைச் செயற்கைக்கோளிலிருந்துதான் செய்ய முடியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஆக்சிஜனின் பச்சைக் கோடும், ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம் ஆகியவற்றின் சிவப்புக் கோடுகளும் தெரியும்; அவற்றைத் தரையிலிருந்தே பார்க்கலாம்.

காரட் மீட்டருக்கு ஒரு குறை உண்டு என்பதைக் கடைக்காரரே சொன்னார்: தடித்த முலாம் பூசியிருந்தால் அது ஏமாந்துவிடும், ஏனென்றால் மேற்பரப்பைத்தான் அது படிக்கிறது. எச்சத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. வெளியே பாயும் பொருள் சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது ஓர் அதிர்வலை பின்னோக்கித் திரும்பி உள்ளே வருகிறது. அந்தத் திரும்பும் அலை தொட்ட பகுதிதான் சூடேறி எக்ஸ் கதிரில் ஒளிர்கிறது. அலை இன்னும் போய்ச் சேராத நடுப்பகுதி குளிர்ந்து, இருண்டு கிடக்கிறது; அங்கே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதை எக்ஸ் கதிர் சொல்லாது. அகச்சிவப்புத் தொலைநோக்கிகள் அந்த உட்பகுதியைக் கொஞ்சம் காட்டுகின்றன. இளம் எச்சம் ஒன்றில் இவ்வளவு இரும்பு இருக்கிறது என்று எங்கே படித்தாலும், கண்ணுக்கு அகப்பட்டது அவ்வளவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எச்சத்தில் இருப்பதெல்லாம் அந்த விண்மீனுடைய சரக்குதானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படிக்கும்படி கேட்டுக்கொள்வேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். இடித்த வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் அடுக்கு, பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். ஒரே வீட்டின் சாமான்கள் மொத்தமாக வந்திறங்கினால், அனுபவமுள்ள வியாபாரி ஒருவர் முகப்பு எவ்வளவு அகலம், வளவைச் (நடுமுற்றத்தைச்) சுற்றி எத்தனை தூண், எந்தக் காலத்து வீடு என்று ஓரளவு சொல்லிவிடுவார். ஆனால் அவர் மூன்று விஷயங்களில் எச்சரிக்கையாக இருப்பார். வீட்டை இடிப்பதற்கு முன்பே விற்றுப்போன சாமான்கள் குவியலில் இருக்காது. லாரியில் வரும் வழியில் வேறு வீட்டுச் சாமான் கலந்திருக்கலாம். பங்காளி ஒருவர் எடுத்துக்கொண்டு போனது கணக்கிலேயே வராது.

எச்சத்திலும் இம்மூன்றும் நடக்கின்றன. பெரிய விண்மீன்கள் வெடிப்பதற்கு முன்பே தங்கள் வெளியடுக்கைக் காற்றாக வீசியோ, துணை விண்மீனுக்குப் பறிகொடுத்தோ இழந்துவிடுகின்றன. வெடித்த பிறகு, நாளாக ஆக, வாரிச் சேர்த்த விண்வெளி வாயு கூடிக்கொண்டே போகிறது. சில ஆயிரம் ஆண்டுகளில் அந்தக் கலப்பு மூலச் சரக்கை மூழ்கடித்துவிடும். அன்னம் விண்மீன் குழுவில் உள்ள சிக்னஸ் வளையத்தைப் போல முதிர்ந்த எச்சத்தின் பெரும்பகுதியை அளந்தால், விண்மீனின் கலவை கிடைக்காது, அக்கம்பக்கத்து வாயுவின் கலவைதான் கிடைக்கும். மூன்றாவதாக, சூரிய நிறையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குப் பொருள் நியூட்ரான் விண்மீன் என்னும் மிக அடர்ந்த சிறு உருண்டையாகச் சுருங்கி உள்ளே போய்விடுகிறது. சில வெடிப்புகளில் கருந்துளையாகவே போய்விடுகிறது. அது எந்தக் கோட்டையும் காட்டாது. ஆகவே எச்சத்தின் கலவையும் மூல விண்மீனின் கலவையும் ஒன்றல்ல. முன்னதிலிருந்து பின்னதை நாம் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் அறிகிறோம்.

எல்லாச் சூப்பர்நோவாவும் ஒரே பொருள்களைத்தான் தருமா?

இரண்டு பெரிய வகைகள் உண்டு. பெருநிறை விண்மீனின் நடுப்பகுதி தன் எடை தாங்காமல் இடிந்து விழுவதால் நிகழ்வது ஒன்று. அதன் எச்சத்தில் ஆக்சிஜன், நியான், மெக்னீசியம் ஆகியவை மிகுந்திருக்கும். விண்மீன் எவ்வளவு பெரியதோ அதற்கேற்ப ஆக்சிஜனும் கூடும். சூரியனைப் போல 25 மடங்கு நிறையுள்ள விண்மீன், 15 மடங்கு நிறையுள்ளதைவிடப் பல மடங்கு ஆக்சிஜனை வீசுகிறது. ஆகவே ஆக்சிஜனின் அளவு மூல விண்மீனின் எடையைச் சொல்லும் துலாக்கோலாகிறது.

மற்றொன்று வெண் குறுமீன் வெடிப்பு. சூரியனைப் போன்ற விண்மீன் எரிந்து முடிந்த பிறகு எஞ்சும் கார்பன்–ஆக்சிஜன் உருண்டையே வெண் குறுமீன். அது துணை விண்மீனிடமிருந்து பொருளைப் பெற்றோ, மற்றொரு வெண் குறுமீனோடு சேர்ந்தோ மொத்தமாகப் பற்றி எரிந்துவிடுகிறது. எதுவும் மிஞ்சுவதில்லை. அதன் எச்சத்தில் இரும்பு ஓங்கியிருக்கும், ஆக்சிஜன் ஒப்பளவில் குறைந்திருக்கும். இத்தகைய வெடிப்பு ஒன்று சூரிய நிறையில் 0.6 பங்கு அளவுக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டு இலட்சம் பூமிகளின் எடைக்கு, இரும்பைத் தர முடியும். வெண் குறுமீனின் எடைக்குச் சூரியனைப் போல 1.4 மடங்கு என்ற எல்லை உண்டு எனக் கணக்கிட்டுக் காட்டிய சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-ல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில்தான் அந்தக் கணக்கைத் தொடங்கினார். 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரும்புக் கோட்டின் இடத்தைக் கொண்டே வகையைப் பிரிக்கலாம் என்பது வானியலாளர்கள் பின்னர்க் கண்டுகொண்ட நுட்பம். வெண் குறுமீன்கள் பெரும்பாலும் வெறிச்சோடிய வெளியில் வெடிப்பதால் அவற்றின் இரும்பு அணுக்கள் குறைந்த அளவே எலக்ட்ரான்களை இழந்திருக்கும், கோடு 6.4-ஐ ஒட்டி நிற்கும். பெருநிறை விண்மீனோ தான் வீசிய வாயுவுக்கு நடுவிலேயே வெடிக்கிறது. நெருக்கமான வாயுவில் மோதல் மிகுவதால் அதன் இரும்பு அதிக எலக்ட்ரான்களை இழந்து, கோடு 6.7-ஐ நோக்கி நகர்கிறது. 1572, 1604 ஆகிய ஆண்டுகளில் டைக்கோவும் கெப்ளரும் பார்த்தவை வெண் குறுமீன் வெடிப்புகள்.

கேசியோப்பியா ஏ என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அதில் என்ன விசேஷம்?

அது பெருநிறை விண்மீன் ஒன்றின் எச்சம்; இளையது, ஒப்பளவில் அருகில் உள்ளது, கலப்பு அதிகம் சேராதது. ஏறத்தாழ 11,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதன் ஒளி 1670-களையொட்டிப் பூமியை வந்தடைந்திருக்க வேண்டும். 1999-ல் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி வெளியிட்ட முதல் படம் இதனுடையதுதான். சந்திராவின் அளவீடுகளின்படி அதில் கந்தகம் மட்டும் 10,000 பூமிகளின் எடைக்கு இருக்கிறது. சிலிக்கான் 20,000 பூமிகள், இரும்பு 70,000 பூமிகள், ஆக்சிஜன் பத்து இலட்சம் பூமிகள். அந்த ஆக்சிஜன் மட்டுமே சூரியனைப் போல மூன்று மடங்கு எடை.

இதன் மூல விண்மீனை அறிந்த விதம் சுவையானது. வெடிப்பின் வெளிச்சத்தில் ஒரு பகுதி வேறு திசையில் போய், தொலைவில் இருந்த தூசி மேகத்தில் பட்டுத் திரும்பி, முந்நூறு ஆண்டுகள் தாமதமாக நம்மிடம் வந்து சேர்ந்தது. மலையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் போன்ற இந்த ஒளியை 2008-ல் நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது, ஹைட்ரஜன் கோடு மெலிந்தும் ஹீலியம் தெளிவாகவும் இருந்தன. பிறக்கும்போது சூரியனைப் போல 15 முதல் 25 மடங்கு நிறையோடு இருந்த அந்த விண்மீன், வெடிக்கும் தறுவாயில் நான்கிலிருந்து ஆறு மடங்காக இளைத்துப்போயிருந்தது என்று கணக்கிடுகிறார்கள். வீட்டை இடிக்கும் முன்பே சாமான்கள் விற்றுப்போனதற்கு இதைவிட நல்ல உதாரணம் வானத்தில் இல்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. விண்மீனில் இரும்பு நடுவிலும் சிலிக்கான் அதற்கு வெளியிலும் இருந்திருக்க, கேசியோப்பியா ஏ-யின் தென்கிழக்குப் பகுதியில் இரும்பு சிலிக்கானைத் தாண்டி வெளியே நிற்கிறது. ஆத்தங்குடியில் பூக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையைத்தான் முதலில் ஊற்றுகிறார்கள். அதன்மேல் காய்ந்த மணல்–சிமெண்டைத் தூவி, பிறகு ஈரக் கலவையால் நிரப்புகிறார்கள். கல்லைத் திருப்பிக் கண்ணாடியைக் கழற்றும்போது அடியில் கிடந்த வண்ணம் மேலே வந்துவிடுகிறது. ஆனால் ஆத்தங்குடிக் கல் முழுவதுமாகத் திரும்புகிறது. கேசியோப்பியா ஏ சில திசைகளில் மட்டும் திரும்பியிருக்கிறது. வெடிப்பு எல்லாப் பக்கமும் சமமாக நிகழவில்லை என்பதற்கு இது அடையாளம். 2014-ல் நூஸ்டார் என்ற செயற்கைக்கோள் டைட்டானியம்-44 எங்கெங்கே இருக்கிறது என்று படம் எடுத்தபோது இது மேலும் உறுதியானது. டைட்டானியம்-44 கதிரியக்கமுடையது, அரை ஆயுள் (அதாவது, பாதி சிதைய ஆகும் காலம்) ஏறத்தாழ 60 ஆண்டுகள். அது ஒளிர்வதற்கு எந்த அதிர்வலையும் வந்து தொட வேண்டியதில்லை. முலாமை ஊடுருவிப் பார்க்கும் காரட் மீட்டர் என்று அதைச் சொல்லலாம். விண்மீனின் மிக உட்பகுதியில் உருவான அந்தத் தனிமம் உருண்டையாகப் பரவாமல் கட்டிகட்டியாகக் கிடந்தது.

அந்த இரும்பெல்லாம் விண்மீனின் நடுவில் முன்பே இருந்த இரும்புதானே?

பெரும்பாலும் அல்ல. முன்பே இருந்த இரும்பு நியூட்ரான் விண்மீனுக்குள் போய்விட்டது. எச்சத்தில் நாம் பார்ப்பது வெடிப்பின் வெப்பத்தில் நொடிகளில் பிறந்த நிக்கல்-56 சிதைந்து உண்டானது. நிக்கல்-56 ஏறத்தாழ 6 நாள் அரை ஆயுளில் கோபால்ட்-56 ஆகிறது. அது 77 நாள் அரை ஆயுளில் இரும்பு-56 ஆகிறது. 1987 பிப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் தெரிந்த சூப்பர்நோவா 1987ஏ மங்கிய வேகம் கோபால்ட்டின் சிதைவு வேகத்தோடு பொருந்தியது; அதிலிருந்து சூரிய நிறையில் 0.07 பங்கு நிக்கல் உருவாகியிருந்தது என்று கணக்கிட்டார்கள்.

விண்மீன் பிறந்தபோது கொண்டுவந்த கலவையைத் தனியாகப் பிரித்து அறிய முடியுமா?

கடினம்தான், ஆனால் முடிகிறது. நிறையவே எரிந்து மாறிப்போன பொருளில் பிறந்த வீட்டுச் சீரைத் தேடுவது போன்ற வேலை இது. இரண்டு வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி மாங்கனீசுக்கும் குரோமியத்துக்கும் உள்ள விகிதம். விண்மீன் பிறக்கும்போது அதில் இருந்த கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை ஹைட்ரஜன் எரியும் காலத்தில் பெரும்பாலும் நைட்ரஜன்-14 ஆகச் சேர்கின்றன. ஹீலியம் எரியும் காலத்தில் அந்த நைட்ரஜன் நியான்-22 ஆகிறது. நியான்-22-ல் புரோட்டான்கள் பத்து, நியூட்ரான்கள் பன்னிரண்டு. இந்த இரண்டு உபரி நியூட்ரான்கள் வெண் குறுமீன் வெடிக்கும்வரை உள்ளே இருந்து, வெடிப்பின்போது மாங்கனீசின் அளவைக் கூட்டுகின்றன. குரோமியத்தை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆகவே மாங்கனீசு கூடுதலாக இருந்தால், அந்த விண்மீன் பிறந்தபோதே கனத்த தனிமங்கள் கூடுதலாக இருந்தன என்று பொருள். 1604-ல் கெப்ளர் பார்த்த வெடிப்பின் எச்சத்தில் இந்த விகிதம் உயர்ந்திருப்பதால், அதன் மூல விண்மீன் சூரியனைவிடக் கனத்த தனிமங்கள் மிகுந்ததாகப் பிறந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். வெண் குறுமீன் மிக அடர்த்தியாக இருந்தாலும் மாங்கனீசும் நிக்கலும் கூடும் என்பதால் இந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் பயன்படுத்த முடியாது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஒன்றின் பிறப்புச் சான்றிதழ் இரண்டே நியூட்ரான்களில் பத்திரமாக இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது வழி, விண்மீன் வெடிப்பதற்கு முன் தானாக வீசிய பொருளைப் பார்ப்பது. 1987ஏ-யைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது; வெடிப்புக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் வீசப்பட்டது. அதில் கார்பனை ஒப்பிட நைட்ரஜன் மிகுந்திருந்தது. ஹைட்ரஜன் எரிந்த உட்பகுதிப் பொருள் கலங்கி மேலே வந்து வெளியேறியிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. வெடித்தபோது நீலப் பெருமீனாக இருந்த அது, அதற்கு முன் சிவப்புப் பெருமீனாக இருந்த காலமும் உண்டு என்ற கருத்துக்கு இந்த நைட்ரஜன் வலுச்சேர்க்கிறது. அந்த விண்மீனை வெடிப்பதற்கு முன்பே படம் எடுத்து, சாண்டுலியாக் பட்டியலில் எண்ணும் கொடுத்திருந்தார்கள். இத்தகைய அதிர்ஷ்டம் பழைய எச்சங்களுக்கு வாய்ப்பதில்லை.

நீங்கள் காட்டும் நண்டு நெபுலாவில் என்ன இருக்கிறது?

ஹீலியம் மிகுதியாக இருக்கிறது. 1054 ஜூலை 4 அன்று சீன வானியலாளர்கள் அந்த வெடிப்பைப் பதிவு செய்தார்கள். 23 நாட்கள் பகலிலும் தெரிந்திருக்கிறது. தமிழகத்தில் அது சோழர் காலம். ஏறத்தாழ 6,500 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அதன் நடுவில் நொடிக்கு 30 முறை சுழலும் நியூட்ரான் விண்மீன் இருக்கிறது. கேசியோப்பியா ஏ-யில் போல ஆக்சிஜன் குவிந்து கிடக்கவில்லை என்பதால், மூல விண்மீன் பெருநிறை விண்மீன்களுள் சிறியது, சூரியனைப் போல 8 முதல் 10 மடங்கு இருந்திருக்கலாம் என்கிறார்கள். இல்லாததும் ஒரு சாட்சியம்.

கழுத்துருவில் (செட்டிநாட்டுத் தாலி மாலையில்) இருக்கும் தங்கமும் இப்படி வந்ததுதானா?

ஆச்சிமார் தவறாமல் கேட்கும் கேள்வி இது. தங்கத்தின் கதை வேறு. எச்சங்களில் எக்ஸ் கதிர்க் கோடுகளாகத் தெரிவது இரும்பு, நிக்கல் வரைதான். தங்கம் உருவாக நியூட்ரான்கள் வெள்ளம்போலப் பாய வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய நிகழ்வு ஈர்ப்பலையாகவும் ஒளியாகவும் பதிவானபோது, அத்தகைய கனத்த தனிமங்கள் அங்கே உருவாவதற்குச் சான்று கிடைத்தது. அரிதான சில சூப்பர்நோவாக்களுக்கும் இதில் பங்கு இருக்கலாம். எப்படியானாலும், கழுத்துருவைவிட அது பூட்டியிருக்கும் இரும்புப் பெட்டிதான் சூப்பர்நோவாவுக்கு நெருங்கிய உறவு. வளவுச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சில் உள்ள கால்சியமும் அப்படித்தான்.

எச்சத்தின் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் உண்டா?

உண்டு. 1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லுக்குள், சூரியன் பிறப்பதற்கு முன்பே உருவான சிலிக்கான் கார்பைடுத் துகள்கள் கிடைத்தன. மணலைவிட மிகச் சிறியவை. அவற்றுள் சிலவற்றில் கால்சியம்-44 வழக்கத்துக்கு மீறி இருந்தது. டைட்டானியம்-44 சிதைந்தால் கால்சியம்-44 ஆகும். ஆகவே அந்தத் துகள்கள் ஏதோ ஒரு சூப்பர்நோவாவின் வாயு குளிர்ந்து உறைந்தவை. கடலடிப் படிவுகளில் இரும்பு-60 கிடைத்திருப்பதும் இதைப் போன்றதே. அதன் அரை ஆயுள் 26 இலட்சம் ஆண்டுகள் என்பதால், பூமி பிறந்தபோது இருந்தது என்றோ தீர்ந்திருக்கும். இப்போது கிடைப்பது சில இலட்சம் தலைமுறைகளுக்குள், அருகில் வெடித்த விண்மீனிலிருந்து தூவப்பட்டது.

திருவாதிரை வெடித்தால் என்ன கிடைக்கும்?

திருவாதிரை ஒரு சிவப்புப் பெருமீன்; சூரியனைப் போல ஏறத்தாழ 15 முதல் 20 மடங்கு நிறை கொண்டது என்று கணக்கிடுகிறார்கள். வெடித்தால் பெருமளவு ஹைட்ரஜனும் ஹீலியமும், கணிசமான ஆக்சிஜனும், சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இரும்பும் வெளிவரக்கூடும். 2019-ன் இறுதியில் அது மங்கியபோது இதோ வெடிக்கப்போகிறது என்று பலர் தொலைபேசியில் கேட்டார்கள். அது வீசிய தூசி அதன் முகத்தை மறைத்ததுதான் காரணம். இன்னும் ஓர் இலட்சம் ஆண்டுகள் ஆகலாம். ஆருத்ரா தரிசனத்துக்குக் களி கிண்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.

இந்த ஆய்வில் நம் நாட்டின் பங்கு உண்டா?

2024 ஜனவரி 1 அன்று இஸ்ரோ ஏவிய எக்ஸ்போசாட் செயற்கைக்கோளில் உள்ள எக்ஸ்பெக்ட் கருவி முதலில் பார்த்ததே கேசியோப்பியா ஏ-யைத்தான். மெக்னீசியம், சிலிக்கான், கந்தகம், ஆர்கான், கால்சியம், இரும்பு ஆகியவற்றின் கோடுகள் அந்த முதல் நிறமாலையிலேயே தெரிந்தன. அதற்கும் வெகுகாலம் முன்னால், 1868 ஆகஸ்ட் 18 அன்று, குண்டூரில் முழுச் சூரிய கிரகணத்தைப் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் சூரியத் தழல்களின் நிறமாலைக் கோடுகளைக் கண்டார். ஹீலியத்தைக் கண்டறிந்த கதை அந்தக் கிரகணத்தில்தான் தொடங்குகிறது.

இவற்றில் எதை நம் ஊரிலிருந்து பார்க்கலாம்?

கேசியோப்பியா ஏ சிறிய தொலைநோக்கிகளுக்கு அகப்படாது; இடையிலுள்ள தூசி அதை மறைக்கிறது. நண்டு நெபுலாவை நான்கு அங்குலத் தொலைநோக்கியில் பார்க்கலாம். தை மாதத்தில் இரவு ஒன்பது, பத்து மணிக்கு நமக்கு ஏறக்குறைய உச்சியில் நிற்கும். ரிஷபத்தின் தெற்குக் கொம்பு நுனியில் உள்ள விண்மீனுக்குப் பக்கத்தில் தேட வேண்டும். தெருவிளக்கு வெளிச்சம் எட்டாத மாடியாக இருப்பது நல்லது. படங்களில் காணும் வண்ணமெல்லாம் தெரியாது. கண்ணாடியில் வாயால் ஊதினால் படியும் ஆவியைப் போல ஒரு சாம்பல் நிறத் திட்டுதான் தெரியும். நேராகப் பார்க்காமல் சற்று ஓரக்கண்ணால் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.